பெரிய வீடு, சின்ன வீடு, ஒரு ஹெட்செட்

கல்யாணச் சந்தையில் என் மதிப்பு இறங்கிக்கொண்டே வந்த காலம் அது. பேட்டையில் எங்கள் தெருவில் என் வயசுக்காரன் ஒவ்வொருத்தனும் பிள்ளையைப் பைக்கில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிட்டுக்கொண்டிருந்தான். நான் மாடியறையில் உட்கார்ந்து சென்னை ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண்ணின் அப்பா அப்பளக் கம்பெனி வைத்திருந்தார். பெண்ணை ஒரு கல்யாண வீட்டில் பார்த்திருக்கிறேன். சும்மா சொல்லக் கூடாது, ரொம்பவே பிடித்துப் போயிருந்தது. ஜாதகமும் பொருந்திவிட்டது. அவர் வந்து என்னைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. இதையும் விட்டால் உனக்கு ஆள் கிடையாது என்று அம்மா மூணு வேளையும் சோற்றோடு சேர்த்துப் பரிமாறினாள்.

என் கம்ப்யூட்டரில் இரண்டு சிஸ்டம். ஆபீஸ் வேலைக்கு விண்டோஸ், சொந்த ஆசைக்கு லினக்ஸ். ஒன்று போதாதா என்று கேட்காதீர்கள், எல்லாம் கெத்துதான். முதலாவதைப் பெரிய வீடு என்றும் இரண்டாவதைச் சின்ன வீடு என்றும் நானும் பெங்களூரில் இருக்கும் என் நண்பனும் சொல்லிக்கொள்வோம். பிரச்சினை என்னுடைய வயரில்லாத ஹெட்செட்டால் வந்தது. பெரிய வீட்டில் அதைப் பேர் பண்ணினால், அதாவது ஜோடி சேர்த்தால், ஒழுங்காகப் பாடும். சின்ன வீட்டுக்குப் போய் அங்கே பேர் பண்ணினால் அங்கேயும் பாடும். திரும்பிப் பெரிய வீட்டுக்கு வந்தால் ‘நீ யாரு?’ என்று முழிக்கும்.

சேரும்போது ஹெட்செட்டும் கம்ப்யூட்டரும் ஒரே ரகசியச் சாவியை ஆளுக்கொரு காப்பியாக வைத்துக்கொள்கின்றன. இரண்டு சிஸ்டமும் ஒரே பெட்டிக்குள் குடியிருப்பதால் ஹெட்செட்டுக்கு இரண்டும் ஒரே விலாசம். புதுச் சாவி வந்ததும் பழசைத் தூக்கி எறிந்துவிடும் அந்தச் சனியன். பிறகென்ன, அத்துவிடு, மறுபடி சேர். தினமும் காலையில் எனக்கு இதுதான் பூஜை.

ஒரு சனிக்கிழமை, ஆபீஸ் மீட்டிங் தொடங்கப் போகிற நேரம், ஹெட்செட் ஊமையாகிவிட்டது. எரிச்சலில் நண்பனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கத்தினேன்.

“ஏலே, சின்ன வீட்டுக்கு ஒருக்கா போயிட்டு வந்தாப் போதும், பெரிய வீட்டுல பேர் போயிருதுலே!”

“ரெண்டு வீட்டுலயும் பேரக் காப்பாத்த வழி இருக்குலே. பெரிய வீட்டுச் சாவிய காப்பி எடுத்துச் சின்ன வீட்டுல குடுத்துரு.”

“அதெல்லாம் யாரு செய்ய? ரெண்டையும் வச்சுக்கிட்டுச் சீரழியுதேன். பேசாம சின்ன வீட்டத் தலமுழுகிரட்டுமா?”

“அவசரப்படாதலே. எத்தன வருசமா வச்சிருக்க!”

பின்னால் ஒரு செருமல் கேட்டது. திரும்பினால், வாசலில் அப்பளக் கட்டோடு கல்லிடைக்குறிச்சிக்காரர். பக்கத்தில் காபி டம்ளரோடு அம்மா. மாப்பிள்ளையைச் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்தால்தான் நிஜம் தெரியும் என்பது அவர் கட்சி. முக்குக் கடையில் விசாரித்து, ‘தங்கமான பையன்’ என்று கேட்ட கையோடு மாடியேறியிருக்கிறார்.

“ஏ மூதி!” என்று அம்மா அலறினாள். “எந்தத் தெருவுலலே வச்சிருக்க அவள?”

“யாருலே அது, மேனேஜரா?” என்றது போன்.

போனை அணைத்தேன். அவரை நாற்காலியில் உட்கார வைத்து, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, இரண்டு வீட்டையும் திறந்து காட்டினேன். ஹெட்செட்டை அவர் காதிலேயே மாட்டி, அது பாடுவதையும் ஊமையாவதையும் கேட்க வைத்தேன். மனுஷன் பொறுமையாகக் கேட்டார்.

“அப்போ பொம்பள கிடையாது?”

“சத்தியமா கிடையாது, மாமா.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பாடா, கல்யாணம் முடிந்தது என்றே நினைத்துவிட்டேன்.

“இது எவ்வளவு நாளா இப்படி?” என்று கேட்டார்.

“வருசக் கணக்கா இருக்கு, மாமா.”

“சாவிய காப்பி எடுத்தா சரியாயிரும்னு போன்ல சொன்னாரே, அது உமக்குத் தெரியுமா?”

“தெரியும். அரை மணி நேர வேலைதான். இன்னும் செய்யல.”

அவர் காபியைக் குடித்து முடித்தார். “தம்பி, சின்ன வீடு இருந்திருந்தாக்கூட நாலு பேர வச்சுப் பேசித் தீத்திருப்பேன். நீரு வழி தெரிஞ்சிருந்தும் தெனமும் அத்துவிட்டுச் சேக்குதீரு. எம் புள்ளய நம்பி எப்படிவே தருவேன்?”

அப்பளக் கட்டை மேசையில் வைத்துவிட்டுப் பைய இறங்கிப் போனார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மத்தியானம் அம்மா அந்த அப்பளத்தைப் பொரித்தாள். அவள் பொரித்து முடிப்பதற்குள் நான் சாவியைக் காப்பி எடுத்துச் சின்ன வீட்டில் கொடுத்துவிட்டேன். இப்போது பெரிய வீட்டிலும் பேர் இருக்கிறது, சின்ன வீட்டிலும் பேர் இருக்கிறது. கல்லிடைக்குறிச்சியில்தான் போய்விட்டது.