சேராங்கொட்டை மை

எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்பே எனக்கு ஐம்பது அறுபது எழுத்துகள் தெரியும். இரண்டு புள்ளியும் ஒரு கோடும் என்றால் ரயில்வேயில் கணக்கு எழுதும் கிராணி வீடு. மூன்று கோடு போட்டுக் குறுக்கே ஒன்று என்றால் மேட்டு பங்களா துரை. வளையத்துக்குள் புள்ளி வைத்தால் ஈயம் தோண்டுகிற லம்பத்துச் சீன முதலாளி, தவுக்கே. எல்லாம் வண்ணான் குறி. ஈப்போவில் மாமியார் வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் அதைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள், ஒரே வாரத்தில் படித்துவிட்டேன். நிதானமான கை என்று மாமியாரே சொன்னாள். அவள் வாயிலிருந்து எனக்கு வந்த நல்ல வார்த்தை அது ஒன்றுதான், அதனால் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

குறி போடுவது சேராங்கொட்டை மையால். அந்தக் கொட்டை முந்திரிக்கொட்டைக்குத் தங்கச்சி போலக் கறுப்பாக இருக்கும். இந்தியாவிலிருந்து கப்பலில் பினாங்குக்கு வந்து, அங்கிருந்து ஈப்போ நாட்டு மருந்துக் கடைக்கு வரும். கொட்டையின் தலையில் ஊசியால் குத்தினால் பிசுபிசுவென்று பால் கசியும். அந்த ஊசி முனையாலேயே துணியின் ஓரத்தில் குறியைப் போட்டு, மேலே ஈரச் சுண்ணாம்பைத் தேய்த்தால் கறுத்துக்கொள்ளும். பிறகு எத்தனை வெள்ளாவி வைத்தாலும் போகாது. துணி நைந்து கிழிந்தாலும் குறி அப்படியே இருக்கும்.

நான் பிறந்து வளர்ந்தது கோலா கங்சார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பாவுக்குக் கூலிகள் குடியிருந்த லயத்தில் வண்ணார் வேலை கிடைக்கவில்லை, பால்மரம் வெட்டத்தான் போனார். நானும் சிறு வயதிலேயே பால் தூக்கினேன். விரலில் காய்ந்த பாலை உரித்து உருண்டை பிடித்து விளையாடியிருக்கிறேன். அந்தப் பால் என் கையை ஒன்றும் செய்யவில்லை. ரப்பர் விலை ஏறியிருந்த வருஷம் அப்பா துணிந்து டவுன் மாப்பிள்ளை பார்த்தார். வெயிலும் இல்லை, கொசுவும் இல்லை, நிழலில் உட்கார்ந்து ஊசி பிடிக்கிற வேலை, கொடுத்துவைத்தவள் என்று லயத்துப் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள்.

நான்காம் மாதம் விரல் இடுக்கில் அரிப்பு வந்தது. பிறகு சிறுசிறு நீர்க்கொப்புளம். அது உடைந்து நீர் வடியும், பொருக்குக் கட்டும், பொருக்கு வெடித்து ரத்தம் வரும். ஊசி பிடிக்கிற கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் அதிகம் வெந்தன. புதுத் துணி வராத நாட்களில் எரிச்சல் அடங்கும். திங்கட்கிழமை மூட்டை வந்து இறங்கினால் புதன்கிழமைக்குள் கை மறுபடி பழையபடி ஆகிவிடும். இதைக் கண்டுபிடிக்க டாக்டருக்குப் படிக்க வேண்டியதில்லை, அரிக்கிறவளுக்குத் தெரியும். மாமியாரிடம் சொன்னேன், கொட்டைதான் அத்தை, அதைத் தொட்டால்தான் இப்படி வருகிறது என்று.

"நாலு தலமொறையா நாங்க தொட்ட கொட்டை. எனக்கு வரல, எம் மாமியாளுக்கு வரல, ஒனக்கு மட்டும் வருதோ? வேலைக்கு வணங்காத ஒடம்புக்கு ஆயிரம் நோவு."

வண்ணானுக்கு நோய் வந்தால் கல்லோடே என்று ஒரு பழமொழியையும் சேர்த்துச் சொன்னாள். என் புருஷன் பக்கத்தில் துணி பிரித்துக்கொண்டிருந்தார். அவரும் நாள் முழுக்க அதே கொட்டையைத் தொடுகிறவர்தான், அவர் கையில் ஒரு தடிப்புக்கூட இல்லை. அதனால் அம்மா சொல்வதுதான் சரி என்று நினைத்தாரோ, வாயைத் திறந்தால் வம்பு என்று நினைத்தாரோ, அடுத்த மூட்டையை அவிழ்த்தார்.

ஒருநாள் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் கோபமாக வந்தார். சட்டையைத் தளர்த்திப் பிடரியைக் காட்டினார். கழுத்துப்பட்டியில் நான் குறி போட்ட இடத்துக்கு நேரே சிவந்து தடித்திருந்தது, குறியின் அளவுக்கே. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல வெட்கம்தான், ஆனாலும் இருந்தது. கஞ்சி அதிகமாகிவிட்டது சாமி என்று மாமியார் கைகூப்பி அனுப்பிவிட்டாள். என் புருஷன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு வெள்ளாவிக்கு விறகு எடுக்கப் போனார்.

தலைப்பிரசவத்துக்குத் தோட்டத்துக்குப் போனேன். அங்கே இருந்த மூன்று மாதத்தில் கை தானாகவே ஆறிவிட்டது. பெண் குழந்தை பிறந்தது. குழந்தையும் ஆறிய கையுமாகத் திரும்பி வந்து, பாருங்கள் அத்தை, கொட்டை இல்லாத ஊரில் எப்படி ஆறிவிட்டது என்று நீட்டினேன். ஆத்தா வீட்டில் உட்கார்ந்து தின்றால் எல்லாம்தான் ஆறும் என்றாள். மறுநாளே ஊசியைக் கையில் கொடுத்தாள். நானும் வாங்கிக்கொண்டேன். மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வயதில் அந்த வார்த்தை எனக்கு வராது.

இந்த முறை வந்தது முன்னைவிட மோசம். தோல் தடித்துக் கறுத்தது, விரல் மடங்கவில்லை, நகம் கோணியது. பக்கத்து வீட்டுக்காரி கண் என் கைமேலேயே இருந்தது. நாலு நாளில் பின்கட்டில் அந்தச் சொல் வந்துவிட்டது. பெருநோய், அதாவது குஷ்டம். துணி வெளுக்கிற வீட்டில் பெருநோய் என்று வெளியே தெரிந்தால் ஈப்போவில் ஒருவர் துணி போட மாட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று கெஞ்சினேன். அங்கே போனால் நேரே நோயாளிகளை வைக்கிற தீவுக்குத்தான் கப்பல் ஏற்றுவார்கள், வீட்டு மானமும் கூடவே ஏறிவிடும் என்று மாமியார் மறித்துவிட்டாள்.

அவள் ஒரு நாட்டு வைத்தியரைக் கூட்டிவந்தாள். அவர் எட்ட நின்று கையைப் பார்த்து, தலையை ஆட்டி, இரண்டு நாள் கழித்து ஒரு லேகியம் கொண்டுவந்தார். நெல்லிக்காய் அளவு, காலையும் மாலையும் பாலில். மூன்றாம் நாள் உதடு வீங்கியது. நான்காம் நாள் கண் திறக்கவில்லை, உடம்பெல்லாம் தடிப்பு. நோய் வெளியே தள்ளுகிறது, நல்ல குறிதான் என்றார் வைத்தியர். என் முகத்தைப் பார்த்த பிறகு வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. என்னை பாகான் டத்தோவில் தென்னந்தோட்டத்தில் வேலை செய்த என் அண்ணனிடம் அனுப்பிவிடுவது என்று முடிவானது. குழந்தைக்கு அப்போது ஏழு மாதம், என் பாலைத்தான் குடித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கப் போனபோது மாமியார் குறுக்கே நின்றாள்.

"புள்ள உசுரோட இருக்கணுமா வேணாமா? நீயே சொல்லு."

வெறுங்கையோடு கிளம்பினேன்.

தெலுக் ஆன்சன் வரை ரயில், அங்கிருந்து ஆற்றில் படகு. என் புருஷன் கூட வந்தார். படகில் என்னிடமிருந்து தள்ளித்தான் உட்கார்ந்தார். வழியெல்லாம் மார்பு கட்டி ரவிக்கை நனைந்தது. அதைப் பார்க்காதவர் மாதிரி அவர் கரையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அண்ணன் வீட்டில் எனக்குத் தனித் தட்டு, குடிக்கத் தனிக் கொட்டாங்குச்சி. பிள்ளைகள் இருக்கிற வீடு, அண்ணியைக் குற்றம் சொல்ல முடியாது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் சொல்கிறேன், ஆறிய பிறகும் ஆறு மாதம் அந்தக் கொட்டாங்குச்சியை மாற்றவில்லை. மருந்து என்று அங்கே ஒன்றும் கிடையாது. எரியும்போது குளிர்ந்த நீராகாரத்தில் துணியை நனைத்துச் சுற்றினேன், காய்ந்தபோது தேங்காய் எண்ணெய் தடவினேன். ஒன்றரை மாதத்தில் முகம் வற்றியது, பொருக்கு உதிர்ந்தது, உள்ளிருந்து இளந்தோல் வந்தது. கை ஆறுவதற்கு முன்பே பால் வற்றிவிட்டது. பிறகு மற்ற பெண்களோடு கொப்பரை தோண்டப் போனேன். நாள் முழுக்க ஈரத்திலும் புகையிலும் வேலை, ஒரு கொப்புளம் வரவில்லை.

ஆற்றங்கரையில் ஒரு மலாய்க்காரர் படகு கட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் அடுப்புக்குச் சிராய் பொறுக்கப் போனபோது அவருடைய ஆள் ஒருவன் மரத்தடியில் படுத்திருந்தான். முகம் வீங்கிக் கண் மூடி, கையெல்லாம் நீர்க்கொப்புளம். கண்ணாடியில் என்னையே பார்த்தது போல நின்றுவிட்டேன். என்ன நோய் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் கேட்டேன்.

"கெனா ரெங்காஸ்," என்றார் அந்தப் படகுக்காரர்.

கெனா என்றால் பட்டுவிட்டது. ரெங்காஸ் என்று ஒரு மரமாம். அதன் பால் காற்றுப் பட்டதும் மையாகக் கறுக்குமாம். அது பட்டால் சிலருக்கு இப்படி ஆகும், அவருக்கோ இருபது வருஷமாக அறுத்தும் ஒன்றும் ஆகவில்லை. அவருடைய சொந்தத் தம்பிக்கோ அது ஆகாது, அந்த மரத்தின் பக்கமே போகக் கூடாது. தொற்றுமா என்றேன். அவர் சிரித்தார். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வராது, மரத்திடமிருந்துதான் வரும், மருந்து மரத்தை விட்டு விலகுவதுதான் என்றார். நான் சிராயைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நான் சொன்னதையே இன்னொருவர் வாயால் கேட்க எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

தோட்டத்துக் கிராணியைக் கெஞ்சி என் புருஷனுக்குக் கடிதம் போட்டேன். நலம், ஒரு தடவை வந்து போகவும், வரும்போது இரண்டு சேராங்கொட்டை கொண்டுவரவும், அவ்வளவுதான். அவர் உடனே வரவில்லை. மாதங்கள் கழித்து வந்தார், கொட்டையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு. என் கைகளைப் பார்த்ததும் முகம் மாறியது. ஆனால் அவர் வந்த காரியம் வேறு. வீட்டில் அவருக்கு வேறு பெண் பார்க்கிறார்கள், பிள்ளையை வளர்க்க ஒருத்தி வேண்டுமே என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"ரெண்டு நாளு இங்க இருங்க," என்றேன். "அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேக்கிறேன்."

அவர் எதிரிலேயே கொட்டையைக் குத்தினேன். என் முழங்கைக்கு உட்பக்கம் ஒரு புள்ளி, அவர் முழங்கைக்கு உட்பக்கம் ஒரு புள்ளி. மேலே ஒரு இலைத் துண்டை வைத்துத் துணியால் கட்டினேன். மந்திரம் ஏதாவது செய்கிறேனோ என்று அண்ணி பயந்துபோனாள். மறுநாள் எனக்கு அரிக்கத் தொடங்கியது. அரிக்க அரிக்க நிம்மதியாக இருந்தது. இரண்டாம் நாள் இருவர் கட்டையும் அவிழ்த்தேன். அவர் கையில் வெறும் கறுப்புப் புள்ளி. என் கையில் பெரிய காசு அளவுக்குச் சிவந்து வீங்கிக் கொப்புளம் கட்டியிருந்தது.

அவர் வெகுநேரம் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்பவே சொன்ன," என்றார்.

"சொன்னேன்."

பிறகு அவராகவே இன்னொன்றும் சொன்னார். வைத்தியர் லேகியம் கிண்டக் கேட்ட சரக்கில் சேராங்கொட்டையும் இருந்ததாம். கடைக்கு எதற்குப் போக வேண்டும் என்று அவருடைய அம்மா எங்கள் டப்பாவிலிருந்தே இரண்டு கை அள்ளிக் கொடுத்தாளாம். அந்த நோய்க்கு அது மருந்துதானாம், வைத்தியர்மேல் பிசகு இல்லையாம். எனக்கு அந்த நோய் இல்லாததுதான் பிசகு. சிரிப்பு வந்தது. அண்ணி வெளியே ஓடிவந்து பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். அவர் என்னைத் தொட வந்தார், நான் கையை இழுத்துக்கொண்டேன்.

வேறு பெண் வேண்டாம், வீட்டுக்கு வா என்றார். வருவதற்கு நிபந்தனை போட்டேன். இனி கொட்டையைத் தொட மாட்டேன். என் பங்குக்குச் சிவப்பு நூலால் தைத்துக் குறி போடுவேன். மை ஈரமாக இருக்கிற துணி என் பக்கம் வரக் கூடாது. எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். முதலிலேயே என் பேச்சைக் கேட்டிருந்தால் இந்த ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும்.

ஈப்போவில் இறங்கி வீடு வரை நான் நடக்கவில்லை, ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். மாமியார் வாசலில் நின்றிருந்தாள், இடுப்பில் என் மகள். ஒன்றரை வயது தாண்டிவிட்டது, காலில் கொலுசு, எண்ணெய் வைத்து வாரிய தலை. நன்றாகத்தான் வளர்த்திருந்தாள், அதையும் எழுத வேண்டும். முதலில் என் கைகளை வாங்கிக் கறை பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. ஆனால் பிள்ளையிடம் குனிந்து, நான் அவள் குரலில் கேட்டறியாத மெதுவான குரலில் சொன்னாள்.

"அம்மா வந்திருக்கு பாரு. அம்மாகிட்ட போறியா?"

நான் இரண்டு கையையும் நீட்டினேன். பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள்.

"புண்ணு," என்றாள்.

அம்மா எங்கே என்று அவள் அழுத நாட்களில் வீட்டார் சொல்லிக்கொடுத்த பதிலாம் அது. அம்மாவுக்குக் கையில் புண், தொடக் கூடாது. பேச்சு வந்த பிறகு அம்மா என்று யார் சொன்னாலும் அவள் உடனே புண்ணு என்பாளாம், அக்கம்பக்கத்தார் அதைக் கேட்டுச் சிரிப்பார்களாம். என் புருஷன் அதைப் பின்னால்தான் சொன்னார்.

இல்லடா கண்ணு, போயிருச்சு பாரு என்று உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினேன். அவள் தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, மாமியாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.