காரியாபட்டியும் சாத்தூராரும்

புதுக் காலண்டர் வந்தால் நான் தேதி பார்ப்பதில்லை, முகர்ந்துதான் பார்ப்பேன். நேற்றும் அப்படி நின்றபோது என் மனைவி, "நல்லா மோந்து பாருங்க, சம்பளம் விழும்" என்றாள். என்ன செய்ய, அந்த மை வாசனையில்தான் என் வாலிபமே கழிந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பில் போட்டுக்கொண்டிருந்தேன்.

அங்கே ஆளுக்குப் பெயர் கிடையாது, ஊர்தான். மெஷின் ஓட்டியவர் சாத்தூரார். நான் காரியாபட்டி. பி.காம். படித்தவனை இப்படியா கூப்பிடுவது என்று எனக்கு உள்ளுக்குள் புகைச்சல். என் பெயரைப் பட்டத்தோடு தங்க நிற எழுத்தில் அச்சடித்து மேஜைமேல் வைத்தேன். அதன்மேல் டீ கிளாஸை வைத்தார்கள்.

அப்போதுதான் விருதுநகரில் எனக்குப் பெண் பார்த்தோம். பார்த்ததுமே பிடித்துப்போயிற்று, ராத்தூக்கம் போயிற்று. பெண்ணின் அப்பா மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க, சொல்லாமல் கொள்ளாமல் அச்சகத்துக்கு வந்து, வாட்ச்மேனிடம் என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

"அப்படி யாரும் இங்கன இல்லையே."

"பி.காம். படிச்ச பையன்னு சொன்னாகளே?"

"பி.காமா? எங்க கம்பெனியிலயா?"

சாத்தூராரும் எட்டிப் பார்த்து, அப்படி ஓர் ஆளே இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருக்கிறார். நான் சுவருக்கு அந்தப் பக்கம் பில் போட்டுக்கொண்டிருந்தேன். வேலைவெட்டி இல்லாதவன் ஏமாற்றப் பார்த்தான் என்று சம்பந்தம் முறிந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் விஷயத்தைச் சொன்னதும் சாத்தூரார் தலையில் அடித்துக்கொண்டார். "ஏலே, ஒனக்குப் பேரு ஒண்ணு இருக்குன்னு சொல்லவே இல்லையே!" காலண்டர் சீசன் நேரத்தில் மெஷினை நிறுத்திவிட்டு, மை அப்பிய கையோடு என்னை விருதுநகருக்கு இழுத்துப்போனார்.

"அண்ணாச்சி, நீங்க கேட்ட பேரு எங்களுக்குத் தெரியாது. ஆனா காரியாபட்டின்னா கண்ண மூடிக்கிட்டுப் பொண்ணக் குடுக்கலாம்."

பெண்ணின் அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப உள்ள வாங்க, காரியாபட்டி." உள்ளே அவள் சிரித்தது வாசல்வரை கேட்டது. இன்னும் நிறுத்தவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு போன் வந்தது. "ராமசாமி மகன் பேசுதேன். அப்பா தவறிட்டாக." எனக்கு எந்த ராமசாமியையும் நினைவில்லை. ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். அது சாத்தூரார் என்று தெரியவந்தபோது காரியமும் முடிந்திருந்தது. என் கல்யாணத்தை நடத்திவைத்த மனிதருக்கு ஒரு மாலை போடவில்லை.

மனசு கேட்காமல் அந்த அச்சகத்துக்குப் போனேன். எல்லார் கழுத்திலும் போட்டோவோடு பெயர் அட்டை தொங்கியது. "சாத்தூரார் ஓட்டின மெஷின் எங்க இருக்கு?" என்று கேட்டேன். அப்படி ஒருவர் இருந்ததே அங்கே யாருக்கும் தெரியவில்லை.