ஏசுதாஸ் போட்டுத் தரும் ஒரு நாள் சிங்கப்பூர்

முதலில் கழுத்து, பிறகு தோள், கை, மார்பு, அதற்கப்புறம் சிங்கப்பூர். ஏசுதாஸ் அளவெடுக்கும் வரிசை இதுதான். கோட்டு தைக்க வந்தவர் கப்பலேறப் போகிறவர் என்று தெரிந்துவிட்டால் போதும், டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மாதிரி வெட்டுகிற பழுப்புக் காகிதச் சுருளை மேஜைமேல் விரித்துவிடுவார். ஒரு மூலையில் கத்தரிக்கோல், இன்னொன்றில் இஸ்திரிப்பெட்டி. மூன்றாவது மூலை வந்தவரின் பொறுப்பு. நான்காவது மூலை என்னுடையது. "ஸார், ஸ்வல்ப பிடிச்சுக்குங்க, சுருண்டுக்குது" என்பார். வேலை வெட்டி இல்லாத மாலைகளில் அவர் கடையில் உட்கார்ந்து நான் செய்துவந்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

மைசூரில் பிலோமினா சர்ச்சுக்குப் பின்னால் உள்ள தெருவில் கடை. இரண்டு மெஷின்கள், சுவரில் ஒரு கப்பல் கம்பெனி கொடுத்த சிங்கப்பூர் வரைபடம், மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்து பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கும் மனைவி ரோசலின். அவர் மடியில் எப்போதும் ஒரு பொத்தான் டப்பா இருக்கும். ஏசுதாஸுக்கு ஐம்பது வயது. சிவந்த கண்கள், சதா நீர் வடியும். கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே, "சிங்கப்பூர் வெயில் குடுத்த சீதனம் ஸார்" என்று சிரிப்பார்.

நாடு சுதந்திரமடைந்த ஏழெட்டு வருஷத்தில் எங்கள் ஊரிலிருந்து கடல் தாண்டுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஜப்பானுக்கோ மணிலாவுக்கோ போகிற கப்பல் சிங்கப்பூரில் ஒரு பகல் நிற்கும். அந்த ஒரு பகலை ஏசுதாஸ் துணியில் கோடு போடுகிற நீலச் சாக்கால் எழுதித் தருவார். "காலைல ஆறுக்குக் கப்பல் கட்டும். கப்பல் ரொட்டிக்காகக் காத்திருக்க பேடா, வேணாம், உடனே எறங்கிடுங்க. மொதல்ல கோயில், அப்புறம் மார்க்கெட், வெயில் ஏறினதும் மியூசியம், அதுக்கப்புறம் பெரிய தோட்டம். தோட்டத்துக் கொரங்குங்களுக்குப் பழம் எடுத்துட்டுப் போங்க, ஆனா கையில காட்டாதீங்க." வரைபடத்தின்மேல் டேப்பை வைத்து அளப்பார்; ஒரு அங்குலத்துக்குப் பத்து நிமிஷம் என்பது அவர் கணக்கு. ஒவ்வொரு இடத்துக்கும் கால் மணி கூடுதலாகப் போடுவார். ஏன் என்று கேட்டால், "உள்ளே துணி விட வேணாமா ஸார்? பத்தலேன்னா பிரிச்சு விட்டுக்கலாம்" என்பார்.

போய்த் திரும்பியவர்களை விடமாட்டார். காபி வரவழைத்து, துருவித் துருவிக் கேட்பார். எந்தத் தெருவில் நிழல், எந்த பஸ் நின்றுபோயிற்று, எல்லாம் அடுத்தவர் காகிதத்தில் ஏறிவிடும். பிழைத்த ஊர்மேல் மனுஷனுக்கு இவ்வளவு ஆசையா என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அவருடைய திட்டத்தில் ஒரே ஒரு தடை உண்டு. சிராங்கூன் ரோட்டில் மாணிக்கவாசகம் என்பவரின் தையல்கடை. தான் இரண்டு வருஷம் வேலை செய்த இடம் என்பார். "வெளியே நின்னு பாருங்க, உள்ளே போகாதீங்க. மொதலாளி சாப்பாடு போட்டே கப்பலை விட வெச்சிடுவாரு." ரோசலினுக்கும் அதில் பெருமை. துணி கொடுக்க வரும் பெண்களிடம் சொல்வார்: "வாத்தியார் மாப்பிள்ளை ஒண்ணு வந்துச்சு. எங்கப்பா வேணாம்னுட்டாரு. சிங்கப்பூர்ல இருந்து வந்தவருன்னுதான் என்னை இவருக்குக் குடுத்தாரு."

நான் பட்டு ஆலையில் மேற்பார்வையாளன். போன வருஷம் மூன்று மாதப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பினார்கள். ஏசுதாஸ் தைத்த கோட்டு, அதன் பையில் அவர் எழுதிய காகிதம். அவர் சொன்ன இடத்தில் நிழல் இருந்தது, சொன்ன மரத்தில் குரங்குகள் இருந்தன. கூடுதலாக விட்டிருந்த கால் மணிகள் சேர்ந்து, சிராங்கூன் ரோட்டுக்கு வந்தபோது என் கையில் ஒரு மணி நேரம் மிச்சம். நண்பருக்கு வேண்டியவரைப் பார்க்காமல் போவதா என்று, மைசூர் ஊதுபத்திக் கட்டோடு கடைக்குள் நுழைந்துவிட்டேன்.

ஏசுதாஸின் பெயரையும் ஊரையும் சொன்னதும் மாணிக்கவாசகம் தலையை ஆட்டினார். "எங்கிட்ட மைசூர்க்காரர் யாரும் வேலை செஞ்சதில்லியே" என்றார். பிறகு சட்டென்று, "நாகப்பட்டினத்துல என் மச்சான் கடையில ஒருத்தர் தைச்சாரு. என்கிட்ட வர்றதுக்காகத்தான் புறப்பட்டாரு. கண்ணுல நோய்னு டாக்டர் கப்பலேற விடலை. ஊருக்குத் திரும்ப வெக்கப்பட்டுக்கிட்டு ரெண்டு வருஷம் அங்கேயே கெடந்தாராம். கப்பல்ல வர்றவங்களை எல்லாம் பிடிச்சு வெச்சு ஊரைப் பத்திக் கேப்பாராம்" என்றார். ஊதுபத்திக் கட்டை அவரிடமே கொடுத்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பினேன்.

ஜப்பானிலிருந்து வந்த பிறகு எட்டு நாள் அதைப் பற்றி வாயைத் திறக்காமல் இருந்தேன். ஒன்பதாம் நாள் கல்லூரி ஆசிரியர் காளிதாஸ் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தார், மணிலா போகிறவர். காகிதம் விரிந்தது. நான் என் மூலையைப் பிடித்துக்கொண்டேன். ஏசுதாஸ் சிராங்கூன் ரோட்டுக்கு வந்து, "மாணிக்கவாசகம் கடைக்கு எடது பக்கம் படி" என்றார். "வலது பக்கம்" என்றேன். "இல்ல ஸார், எடதுதான்" என்றார் சிரித்துக்கொண்டே. நேரில் பார்த்துவிட்டு வந்த எனக்கு நாக்கு அரித்தது.

"நாகப்பட்டினத்துல இருந்து பார்த்தா எடதாத்தான் தெரியும்" என்றேன்.

காளிதாஸ் விஷயம் புரியாமலே சிரித்தார். ஏசுதாஸ் சாக்கை மேஜைமேல் வைத்தார். மூலையில் ஊசி நின்றது.

"நாகப்பட்டினத்துல என்ன?" என்றார் ரோசலின். அவர் கணவரின் முகத்தைப் பார்த்தார், வடிகிற கண்களைப் பார்த்தார். துறைமுகத்து டாக்டரிடம் கண்ணைக் காட்டி, கப்பலேற முடியாமல் திரும்பி வந்தவர்களைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் அந்த வட்டாரத்தில் இல்லை. "அப்போ அந்தக் கண்ணு..." என்று தொடங்கியவர், அதோடு நிறுத்திக்கொண்டு காஜாவைத் தொடர்ந்தார். ஏசுதாஸ் காகிதத்தைச் சுருட்டினார். "பாக்கியை ட்ரயலுக்கு வர்றப்போ எழுதித் தர்றேன்" என்றார் காளிதாஸிடம்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த மனிதர் என்னிடம் எதைத் திருடினார்? அவர் சொன்ன வழியில் நடந்துதான் ஒரு நகரத்தையே பார்த்துவிட்டு வந்தேன். ஒரு படிக்கட்டு எந்தப் பக்கம் என்பதற்காக, இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்த மனைவி முன்னால் அவரை நிறுத்திவிட்டேன். மன்னிப்புக் கேட்கலாமென்றால், அதையே ரோசலின் எதிரில் இன்னொரு தரம் சொல்ல வேண்டும். மூன்று வாரம் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை.

பிறகு, கிழியாத பைஜாமா ஒன்றை நானே கிழித்து எடுத்துக்கொண்டு போனேன். சுவரில் வரைபடம் இல்லை. "வாங்க ஸார்" என்றார் ஏசுதாஸ், தலை நிமிராமல். என் கெட்ட நேரம், காளிதாஸ் அன்றைக்கே ட்ரயலுக்கு வந்தார். கோட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, "என் சிங்கப்பூர் எங்கே?" என்றார்.

ஏசுதாஸ் நீலச் சாக்கை என் பக்கமாக நகர்த்தினார். "ஸார் கண்ணால பார்த்தவரு. அவரே போடட்டும்." அதில் குத்தல் துளியும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நான் சாக்கைத் தொடவில்லை.

ரோசலின் முக்காலியை விட்டு எழுந்து வந்தார். பழுப்புக் காகிதத்தை இழுத்து மேஜைமேல் விரித்தார். சாக்கை எடுத்துக் கணவரின் கையில் வைத்தார். "காலைல ஆறுக்குக் கப்பல் கட்டும்னுதானே ஆரம்பிப்பீங்க? எழுதுங்க" என்றார்.

ஏசுதாஸ் கண்ணை ஒற்றிக்கொண்டு குனிந்தார். கத்தரிக்கோல் ஒரு மூலையில், இஸ்திரிப்பெட்டி ஒரு மூலையில். காளிதாஸ் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார். நான்காவது மூலை சுருண்டது. நான் கையை நீட்டினேன். ரோசலின் என் முகத்தைப் பார்க்காமல், தன் பொத்தான் டப்பாவை எடுத்து அந்த மூலைமேல் வைத்தார்.