அண்ணனின் ரிப்போர்ட்

அபர்டீன் பஜாரில் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பன்னிரண்டு வருடங்களாக வேலை பார்க்கிறேன். இந்தத் தீவில் செய்ய முடியாத பரிசோதனைகளுக்கு ரத்தத்தை எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, விமானத்தில் சென்னைக்கு அனுப்புவோம். போன வருட மழைக்காலத்தில் அந்தப் பெட்டிக்குள் என் அண்ணனின் ரத்தம் போனது.

அண்ணன் இதே ஊரில் டாலிகஞ்ச் பக்கம் இருக்கிறான். சின்னச் சின்னக் கட்டட வேலைகளைக் கான்ட்ராக்ட் எடுப்பவன். விலாவில் வலி என்று ஸ்கேன் எடுத்தபோது ஈரலில் இரண்டு கட்டிகள் தெரிந்தன. அவனுக்கு வெகு காலமாக ஹெபடைடிஸ் பி உண்டு. அதனால் ஈரலிலேயே தோன்றிய புற்றுநோயாக இருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்பட்டார். ரத்தத்தில் மூன்று அளவுகளைப் பார்க்கச் சொன்னார். ஏ.எஃப்.பி. மிக அதிகமாக இருந்தால் ஈரலின் சொந்தக் கட்டி, சி.ஏ. 19-9 என்றால் பித்தக்குழாய்ப் பக்கம், சி.இ.ஏ. என்றால் குடலிலிருந்து பரவி வந்ததாக இருக்கலாம். எதுவும் முடிவான தீர்ப்பு இல்லை. எந்தப் பக்கம் தேடுவது என்று காட்டும், அவ்வளவுதான்.

"ஊசியைப் பார்க்காம என் முகத்தையே ஏன் பார்க்குற?" என்றான் அண்ணன், ஊசி ஏறும்போது.

"பேசாம இருண்ணா."

"அரே, டென்ஷன் மத் லே, கவலைப்படாத. மெயின்லேண்ட் போனா எல்லாம் சரியாயிடும்."

இரண்டு நாள் விடாத மழை. விமானம் இறங்கவில்லை. வேறு எதற்காக ஃபிரிட்ஜைத் திறந்தாலும் அவன் பெயர் ஒட்டிய குழாய்தான் கண்ணில் பட்டது. அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

ஆறாம் நாள் காலையில் ரிப்போர்ட் என் கம்ப்யூட்டருக்கு வந்தது. ஏ.எஃப்.பி. நார்மல். உடம்பெல்லாம் லேசானது. அந்த நேரம் பார்த்து அண்ணி போன் செய்தாள்.

"அந்த ஈரல் டெஸ்ட் வந்துச்சா?"

"வந்துருச்சு அண்ணி. நார்மல்."

அவள் சந்தோஷத்தில் அழுதுகொண்டே போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் கீழே இருந்த வரியைப் பார்த்தேன். சி.இ.ஏ., இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு. திரும்பக் கூப்பிட எனக்குத் துணிவில்லை.

சாயங்காலம் டாலிகஞ்ச் போனேன். வீடெங்கும் கேசரி வாசனை. அண்ணனை வாசலுக்குக் கூப்பிட்டேன்.

"அண்ணா, வெளிக்குப் போறப்ப ரத்தம் ஏதாவது போகுதா?"

சிரிக்கப் போனவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"மூலம்தான். ஆறு மாசமா இருக்கு. உங்க அண்ணிகிட்டகூடச் சொல்லல."

உள்ளே அண்ணி தட்டுகளை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. ரிப்போர்ட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். அண்ணியிடம் நானே சொன்னேன். "காலைலயே ஏன் சொல்லல?" என்று கேட்டாள். 

சென்னையில் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்ததில் பெருங்குடலில் கட்டி இருந்தது. அதை வெட்டி எடுத்தார்கள். பிறகு கீமோ. ஈரலில் இருந்த இரண்டும் சுருங்கின. சி.இ.ஏ. எண்ணும் இறங்கியது. மெலிந்து, முடி கொட்டி, ஆனால் நடந்தே வீட்டுக்கு வந்தான். மறுபடி வேலைக்கும் போகிறான்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை நான்தான் ரத்தம் எடுக்கிறேன். போன வாரம் வந்த சி.இ.ஏ. கொஞ்சம் ஏறியிருந்தது. இந்த முறை இருவரையும் உட்கார வைத்து முழுவதும் சொன்னேன். ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். அண்ணி ரிப்போர்ட்டை வாங்கி மேலிருந்து கீழ்வரை வரி வரியாகப் பார்த்தாள். அண்ணன் தேதியைக் கேட்டுப் போனில் குறித்துக்கொண்டு, மின்னி பே பக்கம் ஒரு வீட்டுக்குக் கூரை போட ஆட்கள் காத்திருப்பதாகச் சொல்லிக் கிளம்பினான்.