முந்நூறாவது கோடு

யோகநாதன் நில அளவை இலாகாவில் முப்பத்திரண்டு வருடம் வரைபடம் வரைந்தவர். மலை, காடு, ஆறு எல்லாம் அவர் பேனாவுக்கு அத்துப்படி. கால் மட்டும் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸைத் தாண்டியதில்லை. நான் தொழிற்சங்க நோட்டீஸை நீட்டினால் பக்கத்துச் சந்தில் நுழைந்துவிடுவார். கோழை என்று அவரை எப்போதோ தள்ளிவைத்திருந்தேன்.

1985இல் காப்பார் ஊர்ச் சந்திரகலாவை அவரிடமே கூட்டிப்போக வேண்டியதாயிற்று. அவள் புருஷன் வேலாயுதத்துக்கு மரம் வெட்டும் கம்பெனியில் லோரி ஓட்டும் வேலை. அவன் வேலை செய்த இடம், அணை கட்டி ஏரியாக்கிக்கொண்டிருந்த காட்டுப் பள்ளத்தாக்கு. தண்ணீர் ஏறிக் கீழ்ப்பாதை முங்கவும் மற்றவர்கள் படகில் வெளியேறினார்கள். காய்ச்சலில் கிடந்தவனை மறுநாள் அழைத்துவருவதாக விட்டுவந்தார்கள். நான்கு நாளாகப் பேய் மழை. படகு போகவில்லை.

யோகநாதன் தன்னிடமிருந்த பழைய வரைபடத்தை மேசையில் விரித்தார்.

"ஆறு வளையுற எடத்துல அவரு தங்குற ஷெட்டு, பக்கத்துல ஒரு பாலம்னு சொல்வாரு அங்கிள்."

"இஞ்ச இருக்கு. முந்நூறாவது கோடு, உயரம் முந்நூறு. தண்ணி எவ்வளவு ஏறிட்டுதாம்?"

"இன்னிக்கு நூத்திப்பத்துன்னு அணை ஆபீஸ்ல சொன்னாங்க."

"அப்ப ஒண்டும் பயமில்லை, பிள்ளை. தண்ணி கனக்கக் கீழ நிக்குது."

சந்திரகலா சிரித்தேவிட்டாள். "கேட்டீங்களா அண்ணே? நல்லா இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கியிருப்பாரு லா! வரட்டும், பேசிக்கிறேன்."

யோகநாதன் மட்டும் தாளை விட்டு நிமிரவில்லை. அது வெள்ளைக்காரன் காலத்து வரைபடம். உயரமெல்லாம் அடிக்கணக்கு. அணை ஆபீஸ் பேசுவதோ மீட்டரில். ஓரத்தில் நூற்றுப்பத்து மீட்டரைப் பென்சிலால் அடியாகப் பெருக்கினார். முந்நூற்று அறுபது அடி.

"பிள்ளை, நான் பிழை விட்டிட்டன். ஷெட் அறுபது அடி தண்ணிக்குள்ள."

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். சொல்லிவிட்டார். நான் கோழை என்று சொன்ன ஆள். அவளைப் பார்க்க எனக்குத்தான் திராணியில்லை.

"வடக்க ஒரு மலை நிக்குது. ஐந்நூற்றி இருபது அடி. அதில ஏறியிருப்பான்" என்றவர், கம்பெனிக்குப் போன் போட்டார். மழை விட்டால்தான் படகு என்றார்கள். "வடக்கு மலை! அதைப் போய்ப் பாருங்கோ!" என்று மலாயில் கத்தினார். லைன் அறுந்துவிட்டது. திரும்பத் திரும்பச் சுழற்றினார். எடுக்க ஆளில்லை.

"எந்தப் பக்கமா ஏறணும் அங்கிள்?"

விரலால் காட்டினார். ஷெட்டுக்கும் மலைக்கும் நடுவே தடித்த நீலக் கோடு ஒன்று ஓடியது.

"இது ஆறுதானே?"

"ஓம். பாலமும் இப்ப தண்ணிக்குள்ள."

"அவருக்குக் காய்ச்சல், அங்கிள்" என்றாள் சந்திரகலா. "எந்திரிச்சு நிக்கவே முடியாது."