மூன்றாம் மாடியிலிருந்து வழிந்த நுரை

முதலில் நுரையைத்தான் பார்த்தேன். குவைத்தின் அப்பாசியா பகுதியில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில், லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறிக்கொண்டிருந்தேன். மேலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு நீர்க்கோடு, ஓரமெல்லாம் நுரைத்தபடி, ஒவ்வொரு படியாக இறங்கி வந்து என் செருப்பை நனைத்தது. வாசனையே சொல்லிவிட்டது. எட்டு நாளாக என் கட்டிலுக்கு அடியில் கம்பளி சுற்றி ஒளித்து வைத்திருந்த பீர் அது.

குவைத்தில் மது கூடாது. பிடிபட்டால் சிறை, அதன்பின் ஊருக்கு விமானம். வேதியியலில் முதுகலை படித்து, பெயின்ட் கம்பெனி ஆய்வகத்தில் வேலை பார்த்த எனக்கு அந்தத் தடை ஒரு சவாலாகத் தோன்றியது. பீர் ஊறும் கேனில் கால் பங்கு இடம் விட வேண்டும், காற்று வெளியேற வழி வைக்க வேண்டும் என்பதெல்லாம் தெரியும். அந்த வாரம் பேராசையில் கழுத்து வரை ஊற்றினேன். வாசனை அறைத் தோழருக்குப் போய்விடக் கூடாது என்று மூடியையும் இறுகத் திருகினேன். கேன் வெடித்துவிட்டது.

அறைத் தோழரைப் பாய் என்றுதான் அழைப்பேன். கீழக்கரைப் பக்கம், ரொட்டிக் கடையில் மாவு பிசைபவர், ஐந்து வேளைத் தொழுகை தவறாதவர். ஈஸ்ட்டை அவரிடம்தான் வாங்கினேன், ஆப்பத்துக்கு என்று பொய் சொல்லி. "சார், ஆப்ப வாசனை மட்டும் வருது, ஆப்பத்தைக் காணோமே! தனியாத் தின்னா வயிறு வலிக்கும், பாத்துக்கங்க" என்று கேலி செய்வார். நானும் சிரித்து வைப்பேன்.

அன்று வெள்ளிக்கிழமை. எனக்கு அரைநாள் டூட்டி. ஜும்மா தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள். மேலே கட்டடக் காவலாளியின் குரல் கேட்டு, ஒரு திருப்பம் கீழேயே நின்றுவிட்டேன். அவரும் பாயும் ஹிந்தியில் பேசினார்கள்.

"யார் வச்சது இது?"

"ஈஸ்ட் பொங்கிருச்சு. நான் கொண்டாந்த ஈஸ்ட்தான்."

"எந்த ரூம்?"

"என் ரூம்."

"தாடியும் வச்சுக்கிட்டு இந்த வேலையா? சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணு. இல்லன்னா ஓனர்கிட்ட சொல்லிடுவேன். யல்லா, கிளம்பு!"

"அச்சா. கழுவிட்டுப் போறேன்."

பாய் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் பெயரும் இல்லை.

காவலாளி லிஃப்டில் இறங்கிய பிறகே நான் மேலே போனேன். தொழுகைக்காகக் குளித்து உடுத்திய வெள்ளை அங்கியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு பாய் தரையில் குந்தியிருந்தார். நுரையை ஓரங்களிலிருந்து நடுவுக்கு ஒதுக்கி, குப்பை அள்ளும் தகட்டால் வாரி வாளியில் கொட்டினார். வண்டல் கஞ்சிபோல் படிந்திருந்த இடங்களில் சோப்பு கரைத்த வெந்நீரை ஊற்றினார். டைல்ஸ் இடுக்குகளைத் தன் பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டினார். தான் தொடவே கூடாத ஒன்றை, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் வாந்தியைத் துடைப்பதுபோல் முகம் சுளிக்காமல் துடைத்தார். தொழுதுவிட்டு ஆட்கள் திரும்புவதற்குள் படிக்கட்டு காய்ந்திருந்தது. என் ஆய்வக வாழ்க்கை முழுவதிலும் அப்படி ஒரு கழுவலை நான் கண்டதில்லை. வாளி தூக்கிக் கொடுத்தது மட்டுமே என் பங்கு.

"யாராவது பாத்தாங்களா பாய்?" எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்டுவிட்டு வந்தவன் அப்படித்தான் கேட்டேன்.

"நான் பாத்தேன் சார்" என்றார், தலை நிமிராமல்.

நான்கு மணிக்குப் பெட்டி கட்டிவிட்டார். ஃபர்வானியாவில் ஒரு சொந்தக்காரர் அறையில் படுக்க இடம் கிடைத்ததாம். "ஏன் பாய்?" என்றேன். "என்ன ஏன்? என் ரூம்தானே, பொய்யா சொன்னேன்?" என்றவர், வாசலில் நின்று, "கட்டிலடியில இன்னும் பிசுபிசுங்குது. சுடுதண்ணி ஊத்தித் தேய்ங்க" என்றார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே வரை போனேன். காவலாளி தன் அறை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பாய் சலாம் சொல்லிச் சாவியை நீட்டினார். காவலாளி பதில் சலாம் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமுக்கு அதைவிடப் பெரிய அவமதிப்பைச் செய்துவிட முடியாது. பாய் மெல்லத் தலையசைத்துவிட்டு டாக்சியில் ஏறினார்.

ஓய்வு பெற்று, ஊரில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து இதை எழுத எனக்கு எந்தத் தைரியமும் தேவைப்படவில்லை. அன்று காவலாளி பத்தடி தூரத்தில் இருந்தார். "என்னுடையது" என்ற ஒரு சொல் போதும். நான் லிஃப்டில் ஏறி மூன்றை அழுத்தினேன்.