லைன் அக்கா கேட்காத பாட்டு

எங்கள் மருத்துவமனைக்கு எந்த மாதம் போன் செய்தாலும் கிறிஸ்துமஸ் பாட்டுதான் கேட்கும். கால் உடைந்தவரோ, காய்ச்சல்காரரோ, பிரசவ அறைக்கு வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பவரின் மாமியாரோ, யாராக இருந்தாலும் சரி. "கொஞ்சம் லைன்ல இருங்க" என்று ஒரு குரல் சொல்லும். அடுத்த நொடி, கொளுத்தும் கோடையிலும், மாட்டுக்கொட்டிலில் குழந்தை பிறந்துவிடும்.

அந்தக் குரல் லைன் அக்காவுடையது. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு, யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வரவேற்பறைக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய டெலிபோன் போர்டு, இந்தப் பக்கம் என் டோக்கன் கவுண்டர். போனில் அவர் குரலைக் கேட்டு மயங்கி, நேரில் வந்து பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய. குரல் குழையும், ஆள் குழைய மாட்டார். டாக்டர் எங்கே என்று இரண்டாம் தடவை கேட்டால், "என் மடியிலயா உட்கார்ந்திருக்கார்?" என்பார்.

பாட்டு வந்த கதை சாதாரணமானது. அந்த போர்டைப் பொருத்தியது ஒரு டிசம்பர் மாதம். அன்றைக்குக் கேன்டீனில் ஊழியர்கள் பாடிய பாட்டுகளில் ஒன்றைப் பதிவு செய்து, காத்திருப்பவர்கள் கேட்கட்டும் என்று போட்டுவிட்டுப் போனார் டெக்னீஷியன். ஜனவரியில் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். ஜனவரி வந்தது, போனது. அதற்குப் பிறகு எத்தனையோ ஜனவரி. மாற்றுவதற்கு ஏதோ கோட் நம்பர் வேண்டும், அது யாருக்கும் தெரியாது என்று லைன் அக்கா சொல்லிவிட்டார். அவருக்கே தெரியாதென்றால் வேறு யாருக்குத் தெரியப்போகிறது? விஷயத்தைக் கிடப்பில் போட்டோம்.

ஒரு பெண் தனியாகப் பாடுகிற பாட்டு அது. மூன்றாம் சரணத்தில் இரண்டாவது வரி வரும் இடத்தில் மறந்துபோய் நின்றுவிடுவாள். தள்ளி நிற்கும் இன்னொரு பெண் மெதுவாக வரியை எடுத்துக் கொடுப்பாள். பாடுகிறவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். அதை அடக்கிக்கொண்டு மீதியைப் பாடி முடிப்பாள். ஊரில் பாதிப் பேருக்கு அந்தச் சிரிப்பு பழக்கம். "அது வர்றதுக்குள்ள டாக்டரைக் குடுத்துடாதீங்கம்மா" என்று கேட்டுக்கொண்ட நீரிழிவு நோயாளி ஒருவர் உண்டு. "வேலையத்தவங்களா" என்று திட்டியவர்களும் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. காத்திருக்க வைப்பவருக்கு அந்தப் பாட்டு கேட்காது. போர்டில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும், அவ்வளவுதான். ஊரே கேட்ட பாட்டை லைன் அக்கா ஒருமுறைகூடக் கேட்டதில்லை. வெளியிலிருந்து ஒரு போன் போட்டால் கேட்டுவிடலாம். போட்டதில்லை.

போன வருடம் புது மேலாளர் வந்தார். எதைப் பார்த்தாலும் மாற்றத் துடிக்கிற கை. டிசம்பரில் கேன்டீனில் எல்லோரையும் கூட்டி, ஆளுக்கு ஒரு கிறிஸ்துமஸ் பாட்டையும் அது ஏன் பிடிக்கும் என்பதையும் சொல்லச் சொன்னார். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் மணியோசை வரும் பாட்டு ஒன்றைச் சொன்னார். காரணம், அது ஓடும்போது சைரன் எது மணி எது என்று தெரியாமல் ஒருமுறை காலி வண்டிக்கு ஊரே வழிவிட்டதாம். வாசல் காவலர் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்: ஒலிபெருக்கியில் தனக்குப் பிடித்த பாட்டு அலறும்போதுதான் தன் மனைவியிடம் கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டார். அவளுக்குக் காதில் விழவில்லை, சும்மா தலையை ஆட்டி வைத்தாள். "இன்னைக்கு வரைக்கும் அதையே சொல்லிக்காட்டுறா சார்."

லைன் அக்காவின் முறை வந்தது. "நாள் முழுக்க என் காது வேலை செய்யுது. பாட்டுக்கெல்லாம் அதுக்கு லீவு" என்றார். சிரித்தோம். குழந்தைகள் வார்டின் மூத்த நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. "ஏன், உன் தங்கச்சி பாடினதைச் சொல்லேன்" என்றார்.

அக்கா கையிலிருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். மேலாளருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த இடைவெளியில் தன் அறிவிப்பைச் செய்தார்: திங்கட்கிழமை புது போர்டு வருகிறது. இனிக் காத்திருப்பவர்கள், மருத்துவமனையில் உள்ள வசதிகளை அவருடைய சொந்தக் குரலில் கேட்பார்கள். கை தட்டினோம், வேறென்ன செய்வது.

தம்ளர் கழுவும்போது மூத்த நர்ஸ் எனக்கு மீதியைச் சொன்னார். லைன் அக்காவின் அப்பா கேக் கடையில் அடுப்பு பார்த்தவர். டிசம்பரில் ஓய்வே கிடையாது. கிறிஸ்துமஸ் காலையில் மாவும் சாம்பலுமாக வீட்டுக்கு வந்து படுப்பார். இரண்டு பெண்களும் அவர் மேல் ஏறிக் குதிப்பார்கள். அவர்களைத் தூங்க வைக்க அவரே கட்டிய பாட்டு அது. கொட்டிலில் மாடு தூங்கிவிட்டது, ஆடு தூங்கிவிட்டது என்று வரிசையாகப் போகும். மூன்றாம் சரணம் வருவதற்குள் அப்பாதான் தூங்கிவிடுவார். உலுக்கினால் வாய்க்கு வந்த வரியைப் போட்டு முடிப்பார். வருடத்துக்கு ஒரு வரி.

தங்கை எங்கள் குழந்தைகள் வார்டிலேயே நர்ஸாக இருந்தாள். போர்டு பொருத்திய அன்று கேன்டீனில் பாடியவள் அவள்தான். வரியை எடுத்துக் கொடுத்தது அக்கா. பிறகு அப்பா படுக்கையில் விழுந்தார். அந்த நேரம் பார்த்துத் தங்கைக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது, போய்விட்டாள். அப்பா இறந்தபோது அவளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. போன் செய்து அழுதாள். "இனிமே எனக்குப் போன் பண்ணாதே" என்று சொல்லி அக்கா வைத்துவிட்டார். அக்கா சொன்ன சொல்லைத் தட்டாதவள் தங்கை, பண்ணவே இல்லை. ஊருக்கெல்லாம் லைன் கொடுக்கிறவர் வீட்டில் இப்படி. எனக்கு அக்கா மேல் கோபம்தான் வந்தது, இரக்கம் பிறகுதான்.

திங்கட்கிழமை காலை டெக்னீஷியன் வந்தார். அக்காவின் ஹெட்செட்டைக் கழற்றிப் புது போர்டில் பொருத்திப் பார்க்க எடுத்துக்கொண்டார். அதனால் அக்கா ஸ்பீக்கரைப் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நோயாளிகளின் ரகசியம் இலவசம்.

"இந்தப் பாட்டை எப்பவோ மாத்தியிருக்கலாமேம்மா. ஸ்டாரை ரெண்டு தடவை அழுத்தினாப் போதும். போர்டு மாட்டும்போதே ஆபரேட்டருக்குச் சொல்லிக் குடுத்திருப்பாங்களே" என்றார் டெக்னீஷியன்.

நான் கண்ணாடி வழியாக அக்காவைப் பார்த்தேன். அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். கல்லுளிமங்கி. இத்தனை வருடமும் எங்கள் எல்லோருக்கும் காது குத்தியிருக்கிறார்.

"பழைய பாட்டைக் காப்பி எடுத்துத் தர முடியுமா சார்?" என்று நான்தான் கேட்டேன்.

"இதுல அந்த வசதி இல்லைங்க. பிளக்கைப் பிடுங்கினா அழிஞ்சிடும். மத்தியானம் பிடுங்கிடுவேன்."

நான் கவுண்டரை விட்டு உள்ளே போனேன். "அக்கா, வாசல்ல போய் உங்க போன்ல இருந்து அடிங்க. நான் இங்க எடுத்து லைன்ல போடறேன். ஒரு தடவையாவது கேட்டுடுங்க."

"எனக்கெதுக்கு? எனக்குத்தான் தெரியுமே அது" என்றார்.

பேனா மூடியை மேசையில் வைத்தார். பிறகு போர்டில் ஒரு நீளமான நம்பரை அடித்தார். எதையும் பார்த்து அடிக்கவில்லை. மணி போனது. ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் வந்தது. "ஹலோ, யாருங்க?"

அக்கா வாயைத் திறந்தார். ஒரு நாளைக்கு நூறு பேரிடம் பேசுகிற வாய், ஒன்றும் வரவில்லை. "ஹலோ?" என்றது குரல் மறுபடியும்.

"கொஞ்சம் லைன்ல இருங்க" என்று சொல்லி அக்கா பொத்தானை அழுத்திவிட்டார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். பிறகுதான் எனக்கு உறைத்தது, அந்தப் பக்கம் இப்போது என்ன கேட்டுக்கொண்டிருக்கும் என்று. சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. முக்கால்வாசிப் பேர் முதல் சரணத்திலேயே போனை வைத்துவிடுவார்கள். வைத்தால் விளக்கு அணைந்துவிடும். அக்கா அந்த விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். டெக்னீஷியன் ஏதோ வயரைத் தொடப் போனார். "சார், கையை எடுங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

விளக்கு அணையவில்லை. அக்காவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஆடு தூங்கியிருக்கும், மாடு தூங்கியிருக்கும். ஓரிடத்தில் உதடு நின்றது. பிறகு, பாடுகிறவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரு வரியைச் சொன்னார். இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பொத்தானை மறுபடி அழுத்தி லைனைத் திறந்தார்.

ஸ்பீக்கரில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அப்புறம்: "அக்கா, நீ எடுத்துக் குடுத்த வரி தப்பு. அப்பா அப்படிப் பாடவே மாட்டார்."

"அப்பாவுக்கே அது தெரியாதுடி" என்றார் லைன் அக்கா.

அந்தப் பக்கம் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர் முழுக்கத் தெரிந்த அதே சிரிப்பு, இந்தத் தடவை அடக்கவில்லை. அக்கா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அதைக் கேட்டார்.

போர்டில் மற்ற விளக்குகள் வரிசையாக எரியத் தொடங்கின. நான் என் கவுண்டருக்கு ஓடி அங்கிருந்த போனில் ஒவ்வொன்றாக எடுத்தேன். எல்லோரையும் கொஞ்சம் லைனில் இருக்கச் சொன்னேன்.